அருகம்புல் மண்டிய நிலத்தை மீட்பது எப்படி: களைக்கொல்லி வாங்கும் முன் படிக்க

கல்யாண வீட்டில் "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவார்கள். அந்த அருகு நம் கொல்லையில் வேரோடினால் என்ன ஆகும் என்பதை நான் மூன்று வருடம் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

திண்டிவனம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பாவுக்கு முடியாமல் போனதும் நான்கு வருடம் தரிசாகக் கிடந்தது. நான் கையில் எடுத்தபோது பாதிக்கு மேல் பச்சைப் பாய் விரித்ததுபோல அருகு. முதல் வருடம் மருந்துக்கடையில் கொடுத்ததை அடித்தேன். இரண்டே நாளில் எல்லாம் கருகியது, சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. இரண்டாம் வருடம் ரோட்டாவேட்டர் விட்டேன். புல்லே இல்லாத மூலைகளிலும் புல் வந்தது. மூன்றாம் வருடம் சரியான மருந்தையே வாங்கினேன். ஆனால் தவறான நாளில், குட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தேன். அதுவும் வீண்.

நான்காவது வருடம்தான் உளுந்து வந்தது. புதிதாக நிலத்தில் இறங்குகிறவர்கள் இந்த மூன்று வருடத்தையும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விஷயத்தின் சாரம் இதுதான்: மருந்து இலையைக் கொன்றால் போதாது, மண்ணுக்குள் இருக்கும் தண்டு வரைக்கும் இறங்க வேண்டும். அதை இறக்கிக்கொண்டு போகும் வேலையைப் புல்தான் செய்கிறது. அது எப்போது செய்யும் என்று பார்த்து அடிக்க வேண்டும்.

1. அது அருகா, கோரையா என்று உறுதி செய்யுங்கள்

இரண்டையும் நம் ஊரில் "புல்லு" என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். மருந்துக்கு இரண்டும் வேறு வேறு. தண்டைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டினால் அது கோரை. அடியில் தோண்டினால் கருப்பாக, வாசனையோடு கிழங்கு இருக்கும். உருண்டையாக, கணு கணுவாகத் தரையில் படர்ந்து ஓடி, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருந்தால் அருகு.

இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் போனால் ஒரு பருவம் போய்விடும். புல்லை மட்டும் கொல்லும் குயிசலோபாப் போன்ற மருந்துகள் கோரையைத் தொடவே தொடாது. கோரைக்கென்று கரும்பிலும் மக்காச்சோளத்திலும் அடிக்கும் ஹாலோசல்பியூரான் அருகை ஒன்றும் செய்யாது. என் கொல்லையில் இரண்டும் கலந்து இருந்தது. அப்படி இருந்தால் எது எங்கே என்று குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு சதுர அடி தோண்டிப் பாருங்கள்

மண்வெட்டியால் ஒரு அடிக்கு ஒரு அடி, முக்கால் அடி ஆழத்துக்கு வெட்டி மண்ணை உதிருங்கள். நான் வெட்டிய குழியிலிருந்து இரண்டு கை நிறைய வந்தது. வெள்ளையாக, சின்னக் கரும்புபோல கணுக்களோடு, நுனி முள்போலக் கூர்மையாக. ஒடித்தால் சடக்கென்று ஒடிந்தது, ஒடித்த இடத்தில் ஈரம் கசிந்தது. இதுதான் வேர்த்தண்டு. புல்லின் சேமிப்பு எல்லாம் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் மேல் அரை அடி மண்ணிலேயே இருக்கும். இளகின மண்ணில் அதற்குக் கீழும் போகும்.

ஒரு கணு உள்ள துண்டு போதும், புதுச் செடி வந்துவிடும். சந்தேகம் இருந்தால் பத்துத் துண்டுகளை ஈர மணலில் புதைத்து இரண்டு வாரம் பாருங்கள். நான் பார்த்தேன், பத்தில் எட்டு முளைத்தது. ரோட்டாவேட்டர் ஏன் எனக்கு வினையாகப் போனது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு தண்டை நூறு துண்டாக நறுக்கி நானே கொல்லை முழுக்க நடவு செய்திருக்கிறேன்.

3. எந்த மருந்து எதுவரை போகும்

கடைக்காரர் "புல்லு மருந்து" என்று எடுத்துக் கொடுப்பார். அதற்குள் பல வகை இருக்கிறது.

பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை வாடும், அதனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். கீழே இறங்காது. அருகு, கோரை மாதிரி பல்லாண்டுக் களைக்கு இது முடி வெட்டியதுபோலத்தான். அதோடு, தவறி வாய்க்குள் போனால் இதற்கு மாற்று மருந்தே கிடையாது. வீட்டில் இந்த பாட்டிலை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்டிமெத்தலின் போன்றவை விதைத்தவுடன் மண்ணில் அடிப்பவை. விதையிலிருந்து முளைக்கும் குஞ்சுப் புல்லைத் தடுக்கும். வேர்த்தண்டிலிருந்து கிளம்பும் முளையை நிறுத்தாது. 2,4-டி அகன்ற இலைக் களைக்கானது, புல்லுக்கு இல்லை.

கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போய், இலை சமைக்கும் சர்க்கரையோடு சேர்ந்து ஓடும். சர்க்கரை எங்கே போகிறதோ அங்கே மருந்தும் போகும். வேர்த்தண்டு வரை போகும் என்பதுதான் இதன் பலம். பச்சையாக எது இருந்தாலும் கொல்லும் என்பதால் பயிருக்குள் அடிக்க முடியாது.

குயிசலோபாப், புரோபாகுயிசாபாப் வகை புல் இனத்தை மட்டும் தாக்கும். உளுந்து, நிலக்கடலை, வெங்காயம், பருத்தி மாதிரி அகன்ற இலைப் பயிருக்குள் அடிக்கலாம். நெல், சோளம், மக்காச்சோளம், ராகியும் புல் இனம்தான். அதன்மேல் பட்டால் பயிரே போய்விடும். பக்கத்துக் கொல்லையில் ராகி இருந்தால் காற்று அந்தப் பக்கம் அடிக்கும் நேரத்தில் மருந்தைத் தொடாதீர்கள்.

தரிசு நிலத்துக்கு முதலில் கிளைபோசேட், பயிர் வந்த பிறகு மிச்சத்துக்குக் குயிசலோபாப். எனக்குப் பலன் கொடுத்தது இந்த வரிசை.

4. காகிதங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தியாவில் கிளைபோசேட் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான் பதிவு பெற்றது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியாகத்தான் இதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஆகவே முதலில் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், இப்போது நடைமுறை என்ன, பக்கத்தில் உரிமம் உள்ளவர் யார் என்று கேளுங்கள். எனக்கு ஆளைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. மழைக்கு முன்பே தேட ஆரம்பியுங்கள், மழை பெய்த பிறகு எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அடிக்க வருபவரின் உரிம நகல், மருந்து வாங்கிய ரசீது, பாட்டிலோடு வரும் தமிழ்த் துண்டறிக்கை. ரசீதில் தொகுதி எண்ணும் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் எழுதி வாங்குங்கள். "பில் வேண்டாம்னா ஐம்பது ரூபாய் குறைச்சுக்கலாம்" என்று என்னிடம் சொன்ன கடையும் உண்டு. அந்த ஐம்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டால், மருந்து போலியாக இருந்தால் நீங்கள் எங்கும் போய் நிற்க முடியாது. ரசீதும் மிச்சம் மருந்துள்ள பாட்டிலும் இருந்தால் வேளாண் அலுவலகத்தில் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

உழவுக்கு அரசு டிராக்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

5. தண்ணீரைச் சரிபாருங்கள்

என் மூன்றாம் வருடத் தோல்வியில் பாதிப் பங்கு தண்ணீருக்கு. கிளைபோசேட் களிமண் துகளைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் செத்த மாதிரிதான். மண்ணில் விழுந்ததும் வீரியம் இழப்பதும் இதனால்தான். கலங்கிய குட்டைத் தண்ணீரில் கலந்தால் மருந்து டேங்குக்குள்ளேயே வீணாகிறது. சட்டியில் வெள்ளைப் படிவு விடும் உப்புப் போர்த் தண்ணீரும் ஆகாது. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதற்குத்தான் அமோனியம் சல்பேட் என்ற உர உப்பு. பல்லாண்டுக் களைகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கலவை, லிட்டர் தண்ணீருக்கு 41 சதவீத கிளைபோசேட் 10 மில்லி, அமோனியம் சல்பேட் 20 கிராம். 16 லிட்டர் டேங்க் என்றால் மருந்து 160 மில்லி, இந்த உர உப்பு 320 கிராம். முதலில் தெளிந்த தண்ணீர், அப்புறம் உப்பைக் கரைத்து துணியில் வடிகட்டி ஊற்றுவது, கடைசியில்தான் மருந்து. மாற்றிப் போட்டால் உப்பு போட்டதற்குப் பலன் குறையும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளி, டிரம் கூடாது.

லேபிளில் ஹெக்டேருக்கு 2 முதல் 3 லிட்டர் என்று இருக்கும், அதாவது ஏக்கருக்கு 800 மில்லியிலிருந்து 1,200 மில்லி. இந்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. 10 மில்லி கலவை என்றால் ஏக்கருக்கு ஏழு டேங்குக்கு மேல் போகாதீர்கள். புல் இருக்கும் திட்டுகளில் மட்டும் அடித்தால் தாராளமாகப் போதும்.

6. நாள் குறிப்பதுதான் பாதி வேலை

மழை பெய்து புல் கிளம்பும்போது முதல் இரண்டு மூன்று வாரம் வேர்த்தண்டிலிருந்து சத்து மேலே ஏறும். இலை இன்னும் குழந்தை, தாய் ஊட்டுகிறாள். அந்த நேரத்தில் அடித்தால் மருந்து மேலேயே நின்றுவிடும். புல் ஒரு சாண் வளர்ந்து, இலை நன்றாக விரிந்து, பூக்கதிர் ஒன்றிரண்டு தலைகாட்டும்போது ஓட்டம் திரும்பும். இலை சமைத்ததைக் கீழே அனுப்பிச் சேமிக்கத் தொடங்கும். அன்றைக்கு அடியுங்கள்.

எங்கள் பக்கம் சித்திரைக் கடைசியில் கோடை மழை இரண்டு பெய்தது. வைகாசி நடுவில் புல் பதத்துக்கு வந்தது. அந்த இடைவெளியில் மாடு மேய விடாதீர்கள், அறுக்காதீர்கள். இலை குறைந்தால் மருந்து நுழையும் வாசல் குறைகிறது. "நல்லா வளர விட்டுட்டியேப்பா" என்று ஊரார் சொல்வார்கள், சொல்லட்டும்.

வாடிய புல்லில் அடிக்கவே கூடாது. தண்ணீர் இல்லாமல் இலை சுருண்டு நிற்கும் புல் எதையும் கீழே அனுப்பாது. மழை பொய்த்தால், தண்ணீர் வசதி இருந்தால் ஒரு தண்ணீர் பாய்ச்சி, பத்து நாள் விட்டு அடியுங்கள். சாலையோரக் கொல்லை என்றால் இலைமேல் புழுதி படிந்திருக்கும். புழுதியும் மண்தான், மருந்தைத் தின்றுவிடும். ஒரு மழையில் கழுவின பிறகு அடிப்பது நல்லது.

7. அடிக்கும் நாள்

பனி காய்ந்த பிறகு, காலை எட்டு மணி வாக்கில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் மழை கூடாது. எங்கள் பக்கம் மழை சாயங்காலம்தான் வரும் என்பதால் காலை வேளை இரண்டுக்கும் பொருந்தியது.

பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நாசிலைப் போடாதீர்கள். விசிறிபோலத் தட்டையாகப் பாயும் களைக்கொல்லி நாசில் தனியாக விற்கிறது. அழுத்தத்தைக் குறைத்து, நாசிலை முழங்கால் உயரத்தில் பிடித்து, இலை நனையும் அளவுக்கு. சொட்டுச் சொட்டாக வழிந்தால் அது மண்ணுக்குப் போகிற காசு. இளந் தென்னை, வாழைக் கன்று, பப்பாளி, முருங்கை மாதிரி பச்சைத் தண்டுள்ளவற்றின் பக்கம் நாசிலுக்கு மூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா 2,4-டி அடித்த ஸ்பிரேயரைக் கழுவிவிட்டு அதிலேயே பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்தார். ஒரு வாரத்தில் பருத்தி இலை எல்லாம் வெண்டை இலைபோலச் சுருங்கி நீண்டுவிட்டது.

அடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், முழுக்கால் சட்டை, பூட்ஸ். "பழக்கம்தாங்க" என்று சொன்னாலும் விடாதீர்கள்.

இன்னொன்று. அருகம்புல்லைப் பிள்ளையாருக்குப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சாறு பிழிந்து குடிக்கப் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் அடித்தது அவர்களுக்குத் தெரியாது. கொல்லையின் நான்கு பக்கமும் "மருந்து அடித்திருக்கிறது, புல் பறிக்காதீர்கள், மாடு ஓட்டாதீர்கள்" என்று அட்டை கட்டினேன். அப்படியும் ஒரு பாட்டி கையில் கூடையோடு வந்து நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

8. மூன்று வாரம் கை வைக்காதீர்கள்

ஒரு வாரத்துக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ஏழெட்டு நாளில் நுனியிலிருந்து மஞ்சள் தட்டும், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பழுப்பாகும். இந்தப் பொறுமை இல்லாமல் ஐந்தாம் நாளே மறுபடி அடிப்பவர்கள் உண்டு, உழுதுவிடுகிறவர்களும் உண்டு. உழுதால் தண்டு அறுந்து, மருந்து போய்ச் சேராத துண்டெல்லாம் தப்பிப் பிழைக்கும்.

இருபதாம் நாள் மறுபடியும் ஒரு சதுர அடி வெட்டினேன். பாதிக்கு மேல் பழுப்பாகி, நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. ஒடித்தால் வளைந்தது, சடக்கென்ற சத்தம் இல்லை. சில துண்டுகள் மட்டும் வெள்ளையாகவே இருந்தன. ஒரே அடியில் எல்லாம் சாகாது. தூங்கும் கணுக்களுக்குச் சர்க்கரை போகாது, அதனால் மருந்தும் போகாது. கோரைக்கிழங்கிலும் இதே கதைதான்.

9. உழவும் இரண்டாம் சுற்றும்

இப்போது உழலாம். ரோட்டாவேட்டர் வேண்டாம். ஒன்பது கொத்துக் கலப்பை மண்ணைக் கிளறி வேர்த்தண்டை நீளமாக மேலே இழுத்துப் போடும். குறுக்கே ஒரு சால் ஓட்டி, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, ஆள் வைத்துப் பொறுக்கி வரப்புக்கு வெளியே கொட்டிக் கொளுத்தினோம். எருக்குழியில் போடாதீர்கள், எருவோடு திரும்பி வந்துவிடும். அடுத்த கொல்லைக்குப் போகும் முன் கலப்பைக் கொத்துகளில் சிக்கியிருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

மிச்சம் கிளம்பும். மறுபடி ஒரு சாண் வளரும் வரை காத்திருந்து, அந்தத் திட்டுகளில் மட்டும் இரண்டாம் முறை. எனக்கு முதல் முறை பத்து டேங்க், இரண்டாம் முறை நான்கு டேங்க்தான் ஆனது.

10. பயிருக்குள் தலைகாட்டுவது

புரட்டாசியில் உளுந்து விதைத்தேன். இருபதாம் நாள் வாக்கில் அங்கங்கே அருகு தெரிந்தது. குயிசலோபாப் 5 சதவீத இ.சி. (தண்ணீரில் பால்போலக் கலக்கும் திரவ வகை) ஏக்கருக்கு 400 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். இதோடு 2,4-டி மாதிரி வேறு களைக்கொல்லியைக் கலக்காதீர்கள், புல்லைக் கொல்லும் சக்தி குறைந்துவிடும்.

இதிலும் மேலே பார்த்தால் ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும். நடுக் குருத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் இருந்து வருவதுபோல உருவிக்கொண்டு வந்து, அடி பழுப்பாக அழுகியிருந்தால் மருந்து பிடித்துவிட்டது. வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

செலவும் காலமும்

ஒன்றரை ஏக்கருக்கு எனக்கு ஆனது: கிளைபோசேட் இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய், அமோனியம் சல்பேட் 150, அடிகூலி 2,200, டிராக்டர் நான்கு மணி நேரம் 2,000, பொறுக்கிய ஆட்களுக்கு 2,100, குயிசலோபாப்பும் அதற்கு அடிகூலியும் 1,500. மொத்தம் 9,150. உங்கள் ஊரில் கூலி முன்பின் இருக்கும். முதல் மூன்று வருடம் நான் விட்டது இதைவிட அதிகம்.

காலம்: பங்குனியில் ஆளும் காகிதமும், வைகாசியில் முதல் அடி, ஆனியில் உழவு, ஆடிக் கடைசியில் இரண்டாம் அடி, புரட்டாசியில் விதைப்பு. ஆடிப்பட்டத்தை அந்த ஒரு வருடம் விட்டுக்கொடுத்துதான் ஆக வேண்டும். அவசரப்பட்டு ஆடியில் கடலை போட்ட பக்கத்துக் கொல்லைக்காரர் களையெடுப்புக் கூலிக்கே கடன் வாங்கினார்.

அறுவடை முடிந்தாலும் வரப்பை மறந்துவிடாதீர்கள். வரப்பில் நிற்கும் அருகு ஓடுதண்டு விட்டு ஒரு மழைக்கு ஒரு முழம் உள்ளே வரும். நான் பதினைந்து நாளைக்கு ஒரு முறை களைக்கொத்தியோடு வரப்போரம் ஒரு சுற்று நடக்கிறேன். உள்ளே நுழைந்த ஓடுதண்டை வேர் ஊன்றுவதற்குள் தூக்கி வெளியே போட்டுவிடுவேன். அரை மணி நேர வேலை.